மூன்று சென்டிமீட்டர் சலுகை

தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்கு வருகிற ஆண் 170 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி இளைஞராக இருந்தால் 167 போதும். பெண்களுக்கு இந்த எண்கள் 159, 157. சலுகை என்று படித்துவிட்டு எல்லோரும் அடுத்த பத்திக்குப் போய்விடுகிறோம். ஒரே மாவட்டத்தில், ஒரே ரேஷன் அரிசியைச் சாப்பிட்டு வளர்ந்த இரண்டு பிள்ளைகளின் எலும்பளவில் சமூகம் ஒரு வேறுபாட்டை உண்டாக்கியிருக்கிறது என்று அரசே எழுத்தில் ஒப்புக்கொண்டிருப்பதாகத்தான் நான் அதைப் படிக்கிறேன். வேறு எந்தச் சான்றிதழிலும் சாதிக்கும் சென்டிமீட்டருக்கும் இவ்வளவு நேரடியான உறவு எழுதப்பட்டிருக்காது.

அந்த வேறுபாடு பரம்பரையில் வந்ததா, வீட்டு நிலைமையில் வந்ததா என்ற கேள்வி பழையது. 1829இல் பிரான்சில் லூயி ரெனே வில்லெர்மே என்ற மருத்துவர் படைக்கு ஆளெடுத்த பதிவேடுகளைப் புரட்டினார். வசதியுள்ள பகுதிகளின் இளைஞர்கள் உயரமாக இருந்தார்கள், சீக்கிரமாகவும் வளர்ந்து முடித்தார்கள். வறுமை உயரத்தைக் குறைப்பதோடு வளர்ச்சி முடிகிற வயதையும் தள்ளிப்போடுகிறது என்று அவர் எழுதினார். நான்கு ஆண்டு கழித்து இங்கிலாந்தில் ஆலைத் தொழிலாளர் சட்டத்துக்கான விசாரணையின்போது நூற்பாலைச் சிறுவர்களை நிறுத்தி அளந்தார்கள். இந்த வரலாற்றையெல்லாம் தொகுத்த ஜேம்ஸ் டானர், பிள்ளைகளின் உயரம் ஒரு சமூகம் எப்படி வாழ்கிறது என்பதைக் காட்டும் கண்ணாடி என்றார். இன்றைக்கும் மருத்துவர்கள் பூப்பு நிலைகளைக் குறிப்பது அவர் பெயரால்தான்.

மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஒரே தெருவில், ஒரே மாதிரிச் சாப்பிடும் இரண்டு பையன்களில் ஒருவன் நெடுநெடுவென்றும் இன்னொருவன் குள்ளமாகவும் இருந்தால் அதற்குப் பெரும்பாலும் அப்பா, அம்மாவின் உடல்வாகுதான் காரணம். ஒரு கூட்டத்துக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் நடுவே சராசரியிலேயே இடைவெளி இருந்தால் கதை வேறு. தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் ஒரு நூற்றாண்டில் 20 சென்டிமீட்டர் கூடியது. நூறு ஆண்டில் ஒரு நாட்டின் மரபணு மாறிவிடாது, சாப்பாடும் தண்ணீரும் வீடும் மாறும். 2019 கணக்கில் 19 வயது டச்சு இளைஞனின் சராசரி உயரம் கிட்டத்தட்ட 184 செ.மீ. அதே வயது இந்திய இளைஞனுக்குச் சுமார் 166. காவலர் தேர்வு கேட்கும் 170 நம் சராசரிக்கு மேலே இருக்கிறது. பொருளாதார அறிஞர் ஆங்கஸ் டீட்டன் 2008இல் வெளியிட்ட கணக்கின்படி இந்திய ஆண்கள் பத்தாண்டுக்கு அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேலாக உயர்ந்து வந்தார்கள். பெண்களின் உயர்வு அதில் மூன்றில் ஒரு பங்குதான். இந்தக் கடைசி எண்ணை மறந்துவிட வேண்டாம்.

நான் இங்கே எடுத்துக்கொள்ளும் செங்கல்பட்டு மாவட்டத்தில் நிலைமை என்ன என்று பார்க்கப் போனால் முதலில் கிடைப்பது ஓட்டை. மாவட்டம் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது 2019 நவம்பர் 29இல். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு பழைய மாவட்ட எல்லைகளின்படி நடந்ததால் செங்கல்பட்டுக்கு அதில் தனிப் பக்கம் கிடையாது. அதைவிடப் பெரிய ஓட்டை வயதில் இருக்கிறது. அந்தக் கணக்கெடுப்பு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை அளக்கிறது, பிறகு நேராகப் பதினைந்து வயதுக்குத் தாவிவிடுகிறது. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் நான்கில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர் என்று நமக்குத் தெரியும். அந்த நான்கில் ஒருவர் ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் என்ன ஆனார் என்பது அந்த அறிக்கையில் இருக்காது. 2016 முதல் 2018 வரை நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வு ஒன்று பத்திலிருந்து பத்தொன்பது வயதினரையும் அளந்தது. இந்தியாவில் அந்த வயதினரில் சுமார் 24 சதவீதம் மெலிந்தவர்கள், 5 சதவீதம் அதிக எடையுள்ளவர்கள் என்றது. மாவட்டவாரியாக அது பேசவில்லை.

கவனிக்காமல் விட்டதற்கு ஒரு காரணம் உண்டு. மெலிவு கண்ணுக்குத் தெரியும், குட்டை தெரியாது. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் ஒற்றைக்காலில் தவம் செய்பவரின் விலா எலும்புகள் தனித்தனியாகத் தெரிகின்றன. பட்டினியால் ஒடுங்கிய உடலைப் பல்லவச் சிற்பி அவ்வளவு துல்லியமாகக் கவனித்திருக்கிறார். ஆனால் ஊரே ஐந்து சென்டிமீட்டர் குறைந்திருந்தால் எந்தச் சிற்பிக்கும், எந்த ஆசிரியருக்கும் அது தெரியாது. எல்லோரும் ஒரே அளவில் இருப்பதால் அதுவே இயல்பாகிவிடுகிறது. "எங்க ஆளுங்க எல்லாம் இந்த வளர்த்திதான்" என்பது வீட்டுக்கு வீடு கேட்கிற பேச்சு.

இனி உடலின் கால அட்டவணையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டுச் செலவு அந்த அட்டவணையோடு ஒத்துப்போவதில்லை. முழு உயரத்தில் ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதமும், முழு எடையில் பாதியும் பதின்வயதில் சேருகின்றன. எலும்பின் தாதுச் சத்தில் பெரும்பங்கும் அப்போதுதான். பெண்பிள்ளைகள் வேகமாக உயர்வது பதினொன்று, பன்னிரண்டு வயதில், பையன்கள் அதற்கு இரண்டு ஆண்டு தள்ளி. சத்துக்குறைவாக வளர்ந்தவர்களுக்கு இரண்டும் இன்னும் தள்ளிப்போகும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி 16 முதல் 18 வயதுப் பையனுக்கு நாளொன்றுக்கு 3320 கலோரி தேவை. நடுத்தர உடலுழைப்புச் செய்யும் அவன் அப்பாவுக்கு 2710 போதும். எத்தனை வீடுகளில் சோறு இந்தக் கணக்கில் பரிமாறப்படுகிறது? சம்பாதிப்பவருக்கு முதலில், பிறகு பையன், பிறகு பெண், கடைசியில் அம்மா. இந்த வரிசையை யாரும் வெறுப்பால் உண்டாக்கவில்லை. நாளைக்கு வேலைக்குப் போக வேண்டியவர் முதலில் சாப்பிட வேண்டும் என்ற நியாயம் அதற்குள் இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்துக்கு விலை கொடுப்பது வளர்கிற உடல்.

பெண்பிள்ளைக்காக வீடு கணக்குப் பார்க்காமல் செலவழிக்கும் காலம் ஒன்று உண்டு. வயதுக்கு வந்த நாட்களில் பச்சை முட்டை, நல்லெண்ணெய், உளுந்தங்களி என்று தாய்மாமன் வீட்டுச் சீரோடு வந்து சேரும். கடன் வாங்கியாவது மஞ்சள் நீராட்டு நடக்கும். உடலின் கணக்கில் இந்த விருந்து தாமதமாக வருகிறது. பெண்ணின் உயரம் மிக வேகமாகக் கூடும் காலம் முதல் மாதவிடாய்க்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பே கடந்துவிடுகிறது. அதன் பிறகு அவள் பெரும்பாலும் ஐந்து, ஏழு சென்டிமீட்டர்தான் வளர்வாள். அவளுக்கு முட்டை மிகவும் தேவைப்பட்டது ஐந்தாம், ஆறாம் வகுப்பில், யாரும் அவளைப் பெரியவளாகப் பார்க்காத காலத்தில். விருந்து வீண் என்று நான் சொல்லவில்லை. மாதவிடாய் தொடங்கியதும் இரும்புச்சத்துத் தேவை கூடுகிறது, தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். ஆனால் இரும்பு பல ஆண்டு தேவை, களி சில நாளோடு நின்றுவிடுகிறது. டீட்டன் கணக்கில் பெண்களின் உயரம் ஏன் அவ்வளவு மெதுவாகக் கூடியது என்பதற்கான விடையில் ஒரு துண்டாவது இந்தப் பரிமாறும் வரிசையில் இருக்கிறது என்பது என் கணிப்பு.

கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை உள்ள குப்பங்களில் வறுமைக்கு ஒரு வினோதக் குணம் இருக்கிறது. புரதம் வாசலில் வந்து இறங்குகிறது. வஞ்சிரமும் இறாலும் நண்டும் ஏலத்துக்குப் போய்விடும். காரப்பொடியும் நெத்திலியும் கவலையும் வீட்டுக் குழம்புக்கு வரும். வளரும் பிள்ளைக்கு இது ஒன்றும் மட்டமான சாப்பாடு இல்லை. முள்ளோடு தின்னும் பொடிமீனில் கால்சியம் நிறைய. சிக்கல் வருமானத்தின் ஏற்ற இறக்கத்தில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைதான் செய்தித்தாளில் அடிபடும். அது விசைப்படகுகளுக்கானது. இந்தக் கரையில் பெரும்பாலும் ஃபைபர் படகுகள்தான், அவற்றை உண்மையில் முடக்குவது ஐப்பசி, கார்த்திகையின் புயல் எச்சரிக்கைகள். படகு போகாத வாரத்திலும் குழுக் கடனின் தவணை வாரம் தவறாமல் வரும். அரிசியை ரேஷன் பார்த்துக்கொள்ளும், தவணையைத் தள்ளிப்போட முடியாது. எனவே பாலும் பழமும் பருப்பும்தான் விடுபடும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இங்கே பல குடும்பங்களுக்குக் கான்கிரீட் வீடு கிடைத்தது. கூரை உறுதியாயிற்று. உப்பேறிய நிலத்தடி நீர் அப்படியே இருக்க, கேன் தண்ணீர் மாதச் செலவில் ஒரு புதிய வரியாயிற்று.

தண்ணீரையும் கழிப்பறையையும் வளர்ச்சியோடு சேர்த்துப் பேசுவது பலருக்கு இன்னும் விசித்திரமாகப் படுகிறது. இங்கிருந்து அதிகத் தூரமில்லாத வேலூரில், கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர், மாத்தன் குழுவினர் 1960களிலேயே இதன் ஒரு முனையைப் பிடித்துவிட்டார்கள். நோய் எதுவும் இல்லை என்று நடமாடுபவர்களின் சிறுகுடல் உட்சுவரே தேய்ந்திருந்தது. அசுத்தச் சூழலில் கிருமிகள் ஓயாமல் உள்ளே போனால் குடல் சாப்பாட்டைச் சரியாக உறிஞ்சாது. டீன் ஸ்பியர்ஸ் போன்ற ஆய்வாளர்கள் பின்னாளில் திறந்தவெளி மலங்கழிப்பை இந்தியக் குழந்தைகளின் உயரக் குறைவோடு இணைத்துக் காட்டியது இந்த இழையைப் பிடித்துத்தான். இதற்கு எதிர்வாதமும் உண்டு. பொருளாதார அறிஞர்கள் சீமா ஜெயச்சந்திரனும் ரோகிணி பாண்டேவும் 2017இல், இந்தியாவில் தலைப்பிள்ளை அவ்வளவு குட்டையில்லை, அடுத்தடுத்த பிள்ளைகளிடம்தான் குறை கூடுகிறது என்று காட்டி, மூத்த மகனுக்குக் கொடுக்கும் முன்னுரிமையைக் காரணமாக்கினார்கள். ஒரு பெண்ணுக்கு சராசரியாக இரண்டு பிள்ளைகூட இல்லாத தமிழ்நாட்டில் இரண்டாவது வாதத்துக்கு இடம் குறைவு. குடலைப் பற்றிய வாதம் கடற்கரைக்கும் ஏரிக்கரைக்கும் பொருந்துகிறது.

இருளர் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்கு வந்தால் கணக்கு இன்னும் கடுமையாகிறது. ஒரு காலத்தில் பாம்புத்தோல் வணிகம் இவர்களுக்குக் காசு கொடுத்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அது நின்றது. 1978இல் வடநெம்மேலியில் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நஞ்செடுக்கும் தொழிலைச் சில நூறு பேருக்குத் தந்தது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. மாவட்டத்தின் மற்ற இருளர் குடும்பங்கள் செங்கல் சூளை, அரிசி ஆலை, சவுக்கு வெட்டு என்று பிரிந்து போயின. சூளைக்குப் போவது அப்பா மட்டுமல்ல, முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பமே போகும். கொத்தடிமை முறை 1976இல் சட்டப்படி ஒழிந்தாலும் முன்பணம் ஒழியவில்லை. சூளைக்குப் போகிற பிள்ளை பள்ளியை மட்டும் இழப்பதில்லை, மதியச் சோற்றையும் முட்டையையும் இழக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை, குடற்புழு மாத்திரை இரண்டும் பள்ளியில்தான் கிடைக்கும். உழைப்பும் கூடும், உணவும் குறையும் என்ற இந்த இரட்டை அடியை 1986இல் ஹைதராபாத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் சத்யநாராயணா குழுவினர் எண்ணிக்கையில் காட்டினார்கள். சிறுவயதில் குட்டையாக இருந்து, பள்ளியை விட்டுப் பண்ணை வேலைக்கும் போன பையன்கள் உயரத்திலும் எடையிலும் மற்றவர்களைவிட அதிகம் பின்தங்கி நின்றார்கள்.

இங்கே நிலத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த டிரெமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலைமை குறித்து ஒரு குறிப்பு எழுதினார். குடிசை போட்டிருக்கும் மனைகூட அவர்களுடையதில்லை, கடன் அவர்களைப் பண்ணையோடு கட்டிப்போட்டிருக்கிறது என்று அரசுக்கு எடுத்துச்சொன்னார். அடுத்த ஆண்டு பிறந்த ஆணையிலிருந்துதான் அந்த மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் வந்தது. அந்த நிலம் பின்னர் கைமாறிப் போனதை எதிர்த்து, மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள காரணையில் எழுந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸும் ஏழுமலையும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். வளர்ச்சிக் கட்டுரையில் இது எதற்கு என்று கேட்கலாம். சொந்த மனை இருக்கிற வீட்டில் இரண்டு முருங்கை, நான்கு கோழி, ஓர் ஆடு இருக்கும். முட்டையும் கீரையும் காசில்லாமல் தட்டுக்கு வரும். மனையில்லாத வீட்டில் ஒவ்வொரு கவளத்துக்கும் காசு வேண்டும், காசு இல்லாத நாளில் முதலில் குறைவது சோறு அல்ல, தொடுகறி. அந்த மூன்று சென்டிமீட்டரில் பெரும்பகுதி இப்படிச் சேர்ந்ததுதான் என்று நினைக்கிறேன்.

வடக்கே பெரும்பாக்கத்தில் நிலைமை வேறு மாதிரி. 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து குடும்பங்களைக் கொண்டுவந்து அடுக்குமாடிகளில் வைத்தார்கள். வீடு இங்கே வந்தது, வேலை நகரத்திலேயே இருந்துவிட்டது. வீட்டு வேலைக்குப் போகும் அம்மா விடியுமுன் பேருந்து பிடித்தால் பிள்ளையின் காலைச் சாப்பாடு கடையிலிருந்து வரும், அல்லது வராது. பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களும் இந்த அடுக்குமாடிகளும் சில கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. அந்தக் கண்ணாடிக் கட்டடங்களின் பெரிய சம்பளத்துக் குடும்பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் சிக்கல் அதிக எடையும் சீக்கிரப் பூப்பும். 2022-23 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் இந்தியக் கிராமத்துக் குடும்பத்தின் மொத்தச் செலவில் தானியத்தின் பங்கு 5 சதவீதத்துக்கு இறங்கியிருக்கிறது. பதப்படுத்திய உணவு, பானங்களின் பங்கு அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட் இந்த மாவட்டத்தில் ஏழை, பணக்காரப் பிள்ளைகள் இருவருக்கும் பொதுவான பண்டம். பணக்காரப் பிள்ளைக்கு அது சாப்பாட்டுக்கு மேலே ஏறுகிறது, ஏழைப் பிள்ளைக்குச் சாப்பாட்டின் இடத்தைப் பிடிக்கிறது. குட்டையாக வளர்ந்த உடலில் பின்னாளில் எடை ஏறினால் சர்க்கரை நோய் எளிதாக வந்து சேரும் என்பதுதான் இதில் கவலைக்குரியது. தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதம் பேர் அதிக எடையுள்ளவர்கள், சுமார் 13 சதவீதம் பேர் மெலிந்தவர்கள். ஒரே வீட்டில் இரண்டும் இருக்கலாம்.

ஐந்து வயதில் தவறவிட்டதைப் பதினைந்தில் பிடிக்க முடியுமா? ஆய்வாளர்கள் இன்னும் அடித்துக்கொள்ளும் இடம் இது. கருவுற்றதிலிருந்து முதல் ஆயிரம் நாள்தான் எல்லாம் என்ற கட்சிக்கு நல்ல சான்று இருக்கிறது. 1987 முதல் 1990 வரை ஹைதராபாத்துக்கு அருகில் சில கிராமங்களில் கருவுற்ற பெண்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் கூடுதல் உணவு கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளைப் பதின்வயதில் அளந்தபோது, உணவு கிடைக்காத கிராமங்களின் பிள்ளைகளைவிட 14 மில்லிமீட்டர் உயரமாக இருந்தார்கள். ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை, ஆனாலும் உண்மையான உயரம், அதுவும் பதினைந்து ஆண்டு கழித்து நின்றது. எதிர்க்கட்சியில் ஆண்ட்ரூ பிரென்டிஸ் குழு 2013இல் ஆப்பிரிக்காவின் காம்பியா கிராமங்களைக் காட்டியது. அங்கே பருவம் தள்ளிப்போவதால் பிள்ளைகள் நீண்ட காலம் வளர்கிறார்கள், விட்டதில் ஒரு பகுதியைப் பிடிக்கிறார்கள். ஒப்பீட்டு அளவில் பிடித்தாலும் சென்டிமீட்டரில் இடைவெளி குறையவில்லை என்று மறுப்பவர்களும் உண்டு. என் பார்வையில் இந்தச் சண்டை ஒரு விஷயத்தில் திசைதப்புகிறது. பதின்வயதில் உயரம் கொஞ்சமே மீளலாம். எலும்பின் அடர்த்தி, தசை, ரத்தம், பெண்ணின் இடுப்பெலும்பு ஆகியவற்றுக்கு அந்த வயது முக்கியமான வாய்ப்பு. 145 சென்டிமீட்டருக்குக் கீழே உள்ள பெண்ணுக்குப் பிரசவம் ஆபத்தானது, அவள் குழந்தை எடை குறைவாகப் பிறக்கும் வாய்ப்பும் அதிகம். அந்தக் குழந்தையின் ஆயிரம் நாள் அவள் ஆறாம் வகுப்பில் படிக்கும்போதே தொடங்கிவிடுகிறது எனலாம்.

தமிழ்நாடு இதில் செய்திருப்பது குறைவில்லை. 1956இல் காமராசர் மதிய உணவைத் தொடங்கியபோது உடன் நின்ற கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு, பழைய செங்கல்பட்டு மாவட்டத்து நெய்யாடுபாக்கத்துக்காரர். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு இரண்டு ஆண்டில் பதினைந்து வயது வரை நீண்டது. இன்று பத்தாம் வகுப்பு வரை வாரத்தில் ஐந்து நாளும் முட்டை உண்டு. 2022 செப்டம்பரில் வந்த காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. இந்த எல்லைகளை உடலின் அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெண்பிள்ளையின் வேகவளர்ச்சி தொடங்கும் ஆறாம் வகுப்பில் காலை உணவு நின்றுவிடுகிறது. 3320 கலோரி தேவைப்படும் பதினொன்றாம் வகுப்பில் மதிய உணவும் நின்றுவிடுகிறது. அந்த வகுப்பில் அரசு இலவச சைக்கிள் கொடுக்கிறது, கலோரி செலவாக வழி செய்துவிட்டு. சிறுபிள்ளைக்கு முதலில் என்ற முடிவு நிதி நெருக்கடியில் நியாயமானதே. அடுத்த படி ஏற வேண்டும் என்றால் எட்டாம் வகுப்பு வரை காலை உணவும், பன்னிரண்டாம் வகுப்பு வரை மதிய உணவும்தான் முதலில் வர வேண்டும். புதிய சமையற்கூடம் வேண்டியதில்லை, அடுப்பு ஏற்கெனவே எரிகிறது.

உயரத்தை அளக்கும் வேலையும் ஏற்கெனவே நடக்கிறது. 2013 முதல் வரும் பள்ளி மருத்துவக் குழு பதினெட்டு வயது வரை பிள்ளைகளைப் பார்க்கிறது, ஆசிரியர்களும் உயரமும் எடையும் குறிக்கிறார்கள். அந்த எண்கள் ஆண்டுவாரியாகத் தனித்தனிப் பட்டியலாகக் கிடக்கின்றன. ஒரே பிள்ளையின் ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு உயரங்கள் ஒரே வரியில் அடுத்தடுத்து வந்தால், ஓராண்டில் எவ்வளவு கூடியது என்று கழித்துப் பார்க்க ஒரு ஆசிரியருக்கு அரை நிமிடம் போதும். வேகவளர்ச்சி வயதில் ஓராண்டில் இரண்டு சென்டிமீட்டர்கூடக் கூடாத பிள்ளையின் பெயர் தெரிந்துவிடும். அது சூளையிலிருந்து திரும்பிய பிள்ளையா, தவணை நெருக்கும் குப்பத்து வீட்டிலிருந்து வருகிறதா, ரத்தசோகையா, குடற்புழுவா என்று அந்த ஆண்டே விசாரிக்கலாம். இப்போது அந்தக் கழித்தல் காவலர் தேர்வு மைதானத்தில், எலும்பு வளர்ச்சி நின்ற பிறகு நடக்கிறது.